ஒரே லிங்க், ஆறு இடங்கள்: கட்டுரைக்குள் எங்கே வைத்தால் உறுத்தாது?

பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து சேமிப்பது பற்றி 1,200 சொற்களில் ஒரு கட்டுரை தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு ஸ்கேனருக்கான லிங்க் போக வேண்டும். அதன் வழியாக யாராவது வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். வைப்பதற்கு ஆறு இடங்கள் உண்டு: வாக்கியத்துக்குள், பத்திக்குக் கீழே தனி வரியாக, பட்டன் உள்ள பெட்டியில், ஒப்பீட்டு அட்டவணையில், கட்டுரை முடிவில், அல்லது கட்டுரையிலேயே வைக்காமல் தனியாக ஒரு பரிந்துரைப் பக்கத்தில். ஓரிடத்தில் உதவியாகத் தெரியும் அதே லிங்க், இன்னோர் இடத்தில் சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல் ஆகிவிடும்.

உறுத்தலுக்குக் காரணம் சொற்கள்தான் என்று நினைத்து, "அருமையான", "தவறவிடாதீர்கள்" ஆகியவற்றை நீக்கிவிட்டால் போதும் என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். சொல்லைவிட, அது வந்து நிற்கும் நேரம் முக்கியம். வாசகர் மனதில் கேள்வி எழுவதற்கு முன்பே பதில் வந்து நின்றால், எவ்வளவு பணிவாக எழுதினாலும் அது விற்பனைதான்.

நம் ஸ்கேனர் கட்டுரையையே பாருங்கள். முதல் பத்தி, படங்கள் ஏன் மங்குகின்றன என்று சொல்கிறது. மூன்றாவது பத்தியில் டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) கணக்கு வருகிறது: 4×6 அங்குலப் படத்தை அதே அளவில் மறுபடி அச்சிட 300 டிபிஐ போதும், 1,200×1,800 பிக்சல் கிடைக்கும், இரு மடங்கு பெரிதாக்கி அச்சிட 600 வேண்டும். ஐந்தாவது பத்தியில்தான் சிக்கல்கள் வருகின்றன. கைப்பேசியில் படம் எடுத்தால் பளபளப்பான தாளில் விளக்கொளி விழும், ஓரம் கோணலாகும். தாளை உள்ளே இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனரில் மூலை சுருண்ட படம் சிக்கிக்கொள்ளும். இதைப் படித்து முடித்தவர் அடுத்துக் கேட்பது, "அப்படியானால் எந்த ஸ்கேனர்?" என்பதுதான். லிங்க்கின் இடம் அது. முதல் பத்தியில் வைத்தால், ஸ்கேனர் தேவையா என்றே இன்னும் யோசிக்காதவர் முன்னால் கடையைத் திறக்கிறோம்.

இதில் பணக் கணக்கும் இருக்கிறது. அமேசானின் கமிஷன் திட்டமான அசோசியேட்ஸில் ஒரு கிளிக்கின் ஆயுள் பொதுவாக 24 மணி நேரம். முதல் பத்தியில் சும்மா தட்டிப் பார்த்துவிட்டு மூன்று நாள் கழித்து நேராகப் போய் வாங்குபவரால் எழுதியவருக்கு ஒன்றும் வராது. அவசரப்பட்டு முன்னால் வைத்த லிங்க் வாசகரையும் எரிச்சலூட்டும், கமிஷனையும் கோட்டைவிடும்.

வாக்கியத்துக்குள் வைப்பது

ஆறில் எங்கள் முதல் தேர்வு இதுதான். கெடுப்பதற்கு மிக எளிதானதும் இதுதான். மூன்று வடிவங்களைப் பாருங்கள்.

"நல்ல ஸ்கேனர் வாங்க இங்கே கிளிக் செய்யவும்."

"இந்த வேலைக்கு இதைவிடச் சிறந்த ஸ்கேனர் கிடையாது."

"மூலை சுருண்ட படங்களுக்குக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைக்கும் ஃபிளாட்பெட் வகைதான் பாதுகாப்பு, 600 டிபிஐ-க்கு மேல் தேவையில்லை என்பதால் ஏ4 அளவுக் கண்ணாடி உள்ள அடிப்படை மாடலே போதும்."

மூன்றாவதில் லிங்க் விழ வேண்டியது "ஏ4 அளவுக் கண்ணாடி உள்ள அடிப்படை மாடல்" என்ற சொற்களில். அந்த வாக்கியத்தில் லிங்க்கை எடுத்துவிட்டாலும் வாசகருக்கு ஒரு தகவல் மிஞ்சுகிறது: விலை அதிகமான மாடல் வேண்டாம், இது போதும். முதல் வாக்கியத்தில் லிங்க்கை எடுத்தால் எதுவுமே மிஞ்சாது. இதையே சோதனையாக வைத்துக்கொள்ளலாம். வெளியிடுவதற்கு முன் பணம் தரும் லிங்க்குகளை எல்லாம் தற்காலிகமாக நீக்கிவிட்டு ஒருமுறை படியுங்கள். எந்த வாக்கியம் ஆதாரமில்லாமல் தொங்குகிறதோ, அது லிங்க்குக்காகவே எழுதிய வாக்கியம். அதைத் திருத்துவதைவிட அடித்துவிடுவது நல்லது.

"இங்கே" என்ற சொல்லில் லிங்க் வைப்பதில் இன்னொரு கோளாறு உண்டு. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், பக்கத்தில் உள்ள லிங்க்குகளை மட்டும் தனியே எடுத்துப் பட்டியலாக வாசிக்கவும் வல்லது. "இங்கே, இங்கே, இங்கே" என்று ஏழு முறை கேட்பவருக்கு எது எங்கே போகிறது என்று எப்படித் தெரியும்? இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2001-லேயே இந்தப் பழக்கத்தை விடச் சொன்னது. கண்ணால் பார்ப்பவரும் கைப்பேசியில் பக்கத்தை வேகமாகத் தள்ளும்போது நிறம் மாறிய சொற்களில்தான் கண்ணை நிறுத்துகிறார். அங்கே பொருள் இருக்க வேண்டும். இரண்டிலிருந்து ஆறு சொற்கள் சரியான நீளம். ஒரு முழு வாக்கியத்தையே லிங்க் ஆக்கினால் அது விளம்பரப் பலகைபோல் இருக்கும்.

தமிழில் எழுதுபவர்களுக்கு வரும் ஒரு தொல்லையும் உண்டு. நமக்கு வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "ஸ்கேனரை வாங்கும்போது" என்ற இடத்தில் "ஸ்கேனர்" மட்டும் லிங்க் ஆகட்டும் என்று எண்ணி, 'ர'வோடு குறியீட்டை மூடிவிட்டால், பின்னால் வரும் ஐகாரக் குறி தனியாக வெளியே விழும். சில உலாவிகளில் அது வேறு நிறத்தில் தெரியும், சிலவற்றில் புள்ளி வட்டத்தோடு அனாதையாக நிற்கும். உருபோடு சேர்த்து முழுச் சொல்லையும் லிங்க் ஆக்குங்கள். அல்லது "ஸ்கேனர் ஒன்றை" என்று வாக்கியத்தை மாற்றிக்கொள்ளுங்கள். "வழிகாட்டியைப் பார்க்க" என்பதில் வரும் 'ப்' லிங்க்குக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். சொல்வதற்குச் சின்ன விஷயம், ஆனால் ஒற்று வெளியே தொங்கும் லிங்க் கட்டுரையின் மற்ற வாக்கியங்களோடு ஒட்டாது, பிற்பாடு செருகியது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிக்கோடும் அப்படித்தான். கு, மு, ழு போன்ற எழுத்துகளின் கீழ்ப்பகுதியை வழக்கமான அடிக்கோடு வெட்டிக்கொண்டு போகும். பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்-இல் அடிக்கோட்டைச் சற்றுக் கீழே தள்ளினால் இது குறையும். அடிக்கோட்டையே நீக்கிவிட்டு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நிறம் பிரித்தறிய முடியாதவருக்கு லிங்க் இருப்பதே தெரியாது.

எத்தனை லிங்க் வைக்கலாம்? கூகுள் எந்த எண்ணிக்கையையும் சொல்வதில்லை. எங்கள் கைக்கணக்கு: 1,200 சொல் கட்டுரையில் பணம் தரும் லிங்க் அதிகபட்சம் மூன்று, ஒரே பொருளுக்கு இரண்டுக்கு மேல் கூடாது. இரண்டுக்கும் இடையே சில பத்திகளாவது இருக்கட்டும். அதோடு, காசு தராத லிங்க்குகளும் கட்டுரையில் இருக்க வேண்டும். ஸ்கேனரின் கையேட்டுப் பக்கம், இலவச மென்பொருளின் தளம் என்று பயனுள்ள இடங்களுக்கும் வழி காட்டும் கட்டுரையில் ஒரு விற்பனை லிங்க் இயல்பாகக் கலந்துவிடும். வெளியே போகும் ஒவ்வொரு வழியும் கடைக்கே போனால் யாருக்கும் புரிந்துவிடும்.

பத்திக்குக் கீழே "மேலும் படிக்க" என்று வரும் தனி வரி, உங்கள் தளத்திலேயே உள்ள இன்னொரு கட்டுரைக்கு ஏற்றது. கடைக்குப் போகும் லிங்க்குக்கு ஏற்றதல்ல. வாசகர் இன்னொரு கட்டுரையை எதிர்பார்த்துத் தட்டுகிறார், விலைப் பக்கம் திறக்கிறது. ஒருமுறை அப்படி ஏமாந்தவர் அடுத்த "மேலும் படிக்க"வைத் தொடமாட்டார்.

பெட்டி, பட்டன், அட்டவணை

பெட்டிக்கு ஒரு பழைய சாபம் உண்டு. 1998-இல் பென்வே, லேன் என்ற இரு ஆய்வாளர்கள், தேடச் சொன்ன தகவலையே பெரிய பேனர் வடிவில் பக்கத்தின் மேலே வைத்தபோதும் மக்கள் அதைக் காணாமல் கடந்துபோனதைக் கவனித்து அதற்குப் "பேனர் குருடு" என்று பெயர் வைத்தார்கள். விளம்பரம் போன்ற உருவத்தைக் கண் தானாகவே தாண்டுகிறது. எனவே விளக்கக் கட்டுரையின் நடுவில் நிறப் பெட்டி வைப்பதால் இரட்டை நஷ்டம்: பார்ப்பவருக்கு உறுத்தும், மற்றவர் பார்க்கவே மாட்டார்.

ஆனால் எல்லா இடத்திலும் பெட்டி தவறு என்று சொல்ல முடியாது. "எந்த ஸ்கேனர் வாங்கலாம்" என்று தேடி வருபவர் தேர்வு செய்யவே வந்திருக்கிறார். அவருக்குப் பட்டன் வசதி. வாக்கியத்துக்குள் ஒளித்துவைத்தால்தான் எரிச்சல். அப்படிப்பட்ட பக்கத்தில் பட்டன் மேல் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. "இப்போதே வாங்குங்கள்" என்பது கட்டளை. வாங்குவதாக அவர் இன்னும் சொல்லவில்லை. "கடையில் விலை பார்க்க" என்பது, தட்டினால் என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்கிறது. அளவைப் பொறுத்தவரை அணுகல்தன்மை விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி 2.2 தொடும் இடத்துக்குக் குறைந்தது 24×24 பிக்சல் கேட்கிறது. கட்டை விரலுக்கு 44 இருந்தால் நிம்மதி. பெட்டி முழுவதும் கைப்பேசித் திரையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. கணினியில் மட்டும் பார்த்துவிட்டு வெளியிடுபவர்கள் வழக்கமாகத் தவறுவது இங்கேதான். கணினியில் அடக்கமாக இருந்த பெட்டி, கைப்பேசியில் கட்டுரையையே மறைத்துக்கொண்டு நிற்கும்.

பக்கத்தை மறித்துக்கொண்டு மேலெழும் சாளரங்களை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. இயல்பாக என்ற சொல்லுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது.

அட்டவணை, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்களை ஒப்பிடும்போது மட்டும். இரண்டுக்கு ஒரு பத்தியே போதும். அட்டவணை நம்பத்தக்கதாக இருக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, "யாருக்கு வேண்டாம்" என்று ஒரு நிரல் (நெடுவரிசை) வைப்பது. "நெகட்டிவ் பிலிம் வைத்திருப்பவர்களுக்கு இது உதவாது" என்று ஒரு கட்டத்தில் எழுதியிருந்தால், பக்கத்துக் கட்டத்தில் உள்ள பாராட்டுக்கும் எடை கூடும். இன்னொன்று, கமிஷன் தராத ஒரு வழியையும் சேர்ப்பது. கைப்பேசியில் இலவசச் செயலியால் ஸ்கேன் செய்வதும் ஒரு வழிதான், பத்துப் படம் மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவே சரி. அதை மறைத்துவிட்டு ஸ்கேனர்களை மட்டும் அடுக்கினால் விவரம் தெரிந்த வாசகர் அந்த இடத்திலேயே கழன்றுகொள்வார்.

அட்டவணையில் விலையை எழுதாதீர்கள். ஒரு வாரத்தில் பழையதாகிவிடும், பழைய விலையைப் பார்த்துப் போனவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார். கையால் எழுதிவைத்த விலைகளை அமேசான் திட்டம் அனுமதிப்பதும் இல்லை. கைப்பேசியின் அகலம் பல மாடல்களில் 360 பிக்சல் அளவுதான், மூன்று நிரலுக்கு மேல் போனால் பட்டன் உள்ள கடைசி நிரல் திரைக்கு வெளியே போய்விடும்.

கடைசியிலா, தனிப் பக்கத்திலா

கட்டுரையின் முடிவுவரை வருபவர் குறைவு. ஆனால் வந்தவர் முழுதாகப் படித்தவர், சொன்னதை ஏற்றுக்கொண்டவர். அங்கே ஒரே ஒரு லிங்க், ஒரு வரி விளக்கத்தோடு போதும். பலர் அங்கே ஐந்தாறு லிங்க்குகளைக் கொட்டுவார்கள்: கடை, யூடியூப் சேனல், மின்னூல், குழு. எதைத் தட்டுவது என்று யோசிக்க வைத்தால் எதையும் தட்டமாட்டார்.

உங்கள் சொந்தப் பொருளுக்கு, உதாரணமாக நீங்களே எழுதி விற்கும் மின்னூலுக்கு, இதுதான் சிறந்த இடம். நடுவில் வைத்தால் "இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினாரா" என்று தோன்றும். முழுப் பயனையும் கொடுத்து முடித்த பின், "படங்களுக்குத் தேதிவாரியாகப் பெயரிட்டு அடுக்குவது பற்றி நாங்கள் விற்கும் வழிகாட்டியில் விரிவாக இருக்கிறது" என்றால் அது தகவல். "நாங்கள் விற்கும்" என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிடாதீர்கள். மூன்றாம் மனிதர் எழுதிய நூலைப் பரிந்துரைப்பதுபோல் தன் நூலைக் காட்டுவது பிடிபட்டால், அதுவரை சம்பாதித்த நம்பிக்கை ஒரே வரியில் போய்விடும்.

தனிப் பரிந்துரைப் பக்கம் என்பது, நீங்கள் பயன்படுத்தும் கருவிகளை எல்லாம் ஓரிடத்தில் விளக்கிவிட்டு, கட்டுரைகளிலிருந்து அந்தப் பக்கத்துக்கு மட்டும் லிங்க் கொடுப்பது. உறுத்தல் இதில்தான் மிகக் குறைவு. பராமரிப்பும் எளிது: ஒரு மாடல் சந்தையிலிருந்து போனால் நாற்பது கட்டுரையைத் திருத்த வேண்டாம், ஒரு பக்கத்தைத் திருத்தினால் போதும். விலை என்ன? கூடுதலாக ஒரு கிளிக். ஒவ்வொரு படியிலும் சிலர் விலகுவார்கள். முப்பது கட்டுரைக்கு மேல் இருக்கும் தளத்துக்கு இந்த நஷ்டம் தாங்கும். ஐந்து கட்டுரை வைத்திருப்பவர் நேராகவே லிங்க் கொடுத்துவிடலாம்.

எங்கே வைத்தாலும் சொல்லியாக வேண்டியது

கமிஷன் வரும் என்பதை முதல் லிங்க்குக்கு முன்னால் சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் சாம்பல் நிறப் பொடி எழுத்தில் சொல்வது சொல்லாததற்குச் சமம். பல நாடுகளில் இது சட்டப்படியே கட்டாயம். அமேசான் தன் ஒப்பந்தத்திலும் கேட்கிறது. "கீழே உள்ள ஸ்கேனர் லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்குக் கமிஷன் கிடைக்கும்" என்ற ஒரு வரி போதும். "இந்தத் தளத்தை நடத்த உங்கள் ஆதரவு" என்று சுற்றிவளைத்தால் அதுவே இரக்கம் கேட்பதாகிவிடும். "உங்களுக்கு விலை கூடாது" என்று சேர்ப்பது, உண்மையாகவே கூடாதபோது மட்டும்.

வாசகருக்குச் சொல்வது வேறு, தேடுபொறிக்குச் சொல்வது வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விடுபவர்கள் நிறைய. லிங்க்கின் எச்டிஎம்எல் குறியீட்டில் உள்ள ரெல் (rel) பண்பில் ஸ்பான்சர்டு (sponsored) என்ற மதிப்பைச் சேர்க்க வேண்டும்; கூகுள் இதை 2019-இல் கொண்டுவந்தது. 2005 முதல் இருக்கும் நோஃபாலோ (nofollow) என்ற மதிப்பும் செல்லும். உங்கள் சொந்தப் பக்கங்களுக்குப் போகும் லிங்க்குக்கு இரண்டும் வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு குறியீடு இல்லாமல் லிங்க் கொடுப்பதும், ஒரே தேடுசொல்லை மாற்றமில்லாமல் திரும்பத் திரும்ப லிங்க் ஆக்குவதும் கூகுளின் கண்ணில் மோசடி. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல்முறையில் கொண்டுவந்த பெங்குவின் என்ற மாற்றத்துக்குப் பிறகு அப்படி வளர்ந்த பல தளங்கள் தேடல் முடிவுகளில் சரிந்தன.

எது வேலை செய்கிறது என்று பார்ப்பது

ஒரே பொருளுக்கு வாக்கியத்தில் ஒரு லிங்க், முடிவில் ஒரு லிங்க் வைத்திருந்தால், எது வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்க்க இரண்டுக்கும் தனித்தனி டிராக்கிங் ஐடி கொடுங்கள். அமேசான் ஒரே கணக்கில் பல ஐடி வைத்துக்கொள்ள விடுகிறது. யுடிஎம் ஒட்டுகள் (வாசகர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட முகவரியின் பின்னால் சேர்ப்பவை) இதற்கு உதவாது. அவை லிங்க் போய்ச் சேரும் தளத்தின் கணக்கில்தான் தெரியும். எனவே உங்கள் மின்னூலை விற்கும் தளம் வேறு முகவரியில் இருந்தால் அங்கே யுடிஎம் பயன்படும். உங்கள் தளத்துக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் லிங்க்கில் யுடிஎம் ஒட்டவே கூடாது. வாசகர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிப்போகும்.

எண்ணிக்கை வந்ததும் அவசரப்பட வேண்டாம். ஆயிரம் பேர் பார்த்ததில் ஓரிடத்தில் 10 கிளிக், இன்னோர் இடத்தில் 16 என்றால், பாதிக்கு மேல் கூடியதுபோல் தெரியும். ஆனால் அவ்வளவு சிறிய எண்களில் அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. பத்தாயிரம் பேரில் 100, 160 என்று வந்தால் நம்பலாம். கிளிக்கோடு விற்பனையையும் பாருங்கள். கிளிக் மட்டும் ஏறி விற்பனை ஏறவில்லை என்றால், லிங்க் வைத்த சொற்கள் ஒன்றைச் சொல்ல, திறந்த பக்கம் வேறொன்றைக் காட்டியிருக்கிறது.

லிங்க் கெட்டுப்போகும் விதங்கள்

நல்ல இடத்தில் வைத்த லிங்க்கும் நாளாக ஆகக் கெடும். செத்த லிங்க்கைக் கண்டுபிடிக்கும் கருவிகள் 404 (பக்கம் இல்லை) போன்ற பிழைகளை மட்டும் பிடிக்கும். நின்றுபோன மாடலைத் தேடி வருபவரைக் கடை சத்தமில்லாமல் தன் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், கருவிக்கு எல்லாம் சரியாகவே தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதிகம் படிக்கப்படும் பத்துக் கட்டுரைகளின் விற்பனை லிங்க்குகளைக் கையாலேயே திறந்து பார்ப்பதைத் தவிர இதற்கு வழியில்லை.

சுருக்க லிங்க்குகள் வேண்டாம். எங்கே போகிறது என்று தெரியாததால் சந்தேகம் வரும். சேவை மூடினால் எல்லாம் ஒரே நாளில் போகும். கூகுளே தன் சுருக்கச் சேவையில் 2019-இல் புதிய லிங்க் உருவாக்குவதை நிறுத்திவிட்டது. உங்கள் சொந்தப் பக்கத்தின் முகவரி நீளமாக இருந்தால் அதற்கான காரணத்தைத் தலைப்பிலேயே பாருங்கள்: தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். "இணைப்பு" என்ற ஒரு சொல்லில் ஏழு குறிகள், நகலெடுத்து ஒட்டினால் 63 எழுத்து. நான்கைந்து சொல் தலைப்பை அப்படியே முகவரியாக வைத்தால் சதவீதக் குறிகள் மூன்று நான்கு வரிக்கு ஓடும், அதைப் பார்ப்பவர் ஏதோ மோசடி லிங்க் என்றே நினைப்பார். முகவரியை மட்டும் இரண்டு மூன்று சிறு சொற்களில், ரோமன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பரவிவிட்ட பக்கம் என்றால், முகவரியை மாற்றும் அன்றே பழையதிலிருந்து புதியதற்கு 301 திருப்புதல் (நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு) போட்டுவிடுங்கள்.